வலியின் காலி எடை

டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு எண். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வயிற்று வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று ஒரு எண். முப்பது நாள் அப்படி எழுதிக்கொண்டு வாருங்கள், அதைப் பார்த்துத்தான் உங்கள் முதுகுத் தண்டுவடத்தில் கத்தி வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்றார். எண் எழுதுவதில் நான் தவறுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் யார்டில் சிரித்திருப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது அது ஒன்றுதான்.

கொருக்குப்பேட்டை சரக்கு யார்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு எடைமேடையில் நான் எழுத்தர். லாரி மேடை மேல் ஏறும். லோடோடு ஒரு எடை. லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னொரு எடை, அது காலி எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் சரக்கின் நிகர எடை. டிரைவர் முதல் தடவை வண்டியில் உட்கார்ந்திருந்தால் இரண்டாம் தடவையும் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டால் அவர் உடம்பும் சரக்கோடு சேர்ந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிரைவர் எண்பது கிலோ கோதுமையாகப் பதிவாகிப் போனார். அதன் பிறகு நான் எதையும் பார்க்காமல் எழுதியதில்லை.

வலி வந்தது ஏழு வருடத்துக்கு முன்னால். சட்டையின் நான்காவது பொத்தானுக்கு நேர் பின்னால் தொடங்கி, உள்ளே துளைத்துக்கொண்டு முதுகு வரைக்கும் போகும். முதல் முறை வந்தபோது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சரக்கு ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தொன்றாவது வேகன் கடக்கும்போது வாந்தி எடுத்தேன். ஆனால் எண்ணிக்கையை விடவில்லை. மொத்தம் ஐம்பத்தெட்டு.

கணையத்தில் கல் என்றார்கள். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, தினமும் எவ்வளவு குடிப்பீர்கள் என்பது. தண்ணீர், டீ தவிர வேறொன்றும் குடித்ததில்லை என்றால் ஒருவரும் நம்பவில்லை. குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று கடைசியில் ஒரு டாக்டர் சொன்னபோது, என் மனைவி அதை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள், அக்கம்பக்கத்தில் காட்டுவதற்காக. அவளுடைய தம்பி, என் மச்சான், காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். சாயங்காலம் ஆனால் அவனுக்கு ஒரு குவார்ட்டர் வேண்டும். அவனுக்கு ஒரு ஏப்பம்கூடத் தப்பாக வந்ததில்லை.

"மாமா, நான் குட்சிக்கினே கீறேன், உனக்கு ரிப்பேர் ஆவுது. பில்லு மாறிப் போச்சி போல" என்பான்.

குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். வயிற்றைத் திறந்து கணையத்தின் பாதையைச் சீர் செய்தார்கள். வலி கடத்தும் நரம்புக் கொத்துக்கு முதுகு வழியாக ஊசி போட்டார்கள். முதல் ஊசி பதினொரு வாரம் தாங்கியது. இரண்டாவது ஒன்பது நாள். பிறகு மார்பின் மாத்திரை. அதில் வலி குறைந்ததோ இல்லையோ, ஒரே லாரியை இரண்டு முறை எடை போட்டேன். முதலாளி எனக்கு லீவு கொடுத்தார். சோறு கண்டால் பயம். சாப்பிட்ட அரை மணியில் வலி எழும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்து, மருந்து போல நான்கு வாய் விழுங்குவேன். ஏழு வருடத்தில் பத்தொன்பது கிலோ இறங்கியிருந்தேன்.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நரம்பு அறுவை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பட்டாம்பூச்சி ஒன்றை வரைந்தார். தண்டுவடத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் இப்படி இருக்குமாம். வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளின் வலி மூளைக்குப் போகும் வழிகளில் முக்கியமான ஒன்று, பின்பக்கத்தில் நட்டநடுவே நூல் மாதிரி ஏறுகிறது என்றார். அந்த நடுக்கோட்டில், ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சின்னத் துளை. அவ்வளவுதான் ஆப்பரேஷன்.

"கணையத்துல இருக்கிற கோளாறு அப்படியேதான் இருக்கும். சேதி மட்டும் மேல போகாது" என்றார். "போகாதுன்னு நிச்சயமாவும் சொல்ல மாட்டேன். குறையலாம், குறையாமலும் இருக்கலாம், கொஞ்ச மாசம் கழிச்சுத் திரும்பவும் வரலாம். இன்னொண்ணு, அந்த நூலுக்குப் பக்கத்துலயே, கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பும் போகுது. அதுல பட்டா நடை தடுமாறும்."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னேன். மச்சான் யோசித்தான்.

"அதாவது வூடு எரிஞ்சிக்கினே இருக்கும். ஃபயர் சர்வீசுக்குப் போற போன் ஒயரைக் கட் பண்ணிடுவாங்க. அதான?"

"அதான்" என்றேன். சரியாகத்தான் சொன்னான்.

"வவுத்துல வலின்னா முதுவுல ஏன்டா கை வெக்கிறாங்க?" என்று என் மனைவி அவனைக் கேட்டாள், அவன்தான் பட்டாம்பூச்சி வரைந்த டாக்டர் என்பது போல.

"ஸ்டீயரிங் ஆடுதுன்னா வீல்ல கை வெக்கிறதில்ல? அது மாதிரிக்கா."

எப்படியிருந்தாலும் எனக்கு அந்தத் துளை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீதி இருந்தது எல்லாம் அந்த முப்பது நாள் நோட்டு.

முதல் நோட்டில் பதினான்கு பத்திகள் போட்டேன். தேதி, மணி, உணவு, மருந்து, படுத்த பக்கம், காற்று, கரண்டு இருந்ததா, மச்சான் வீட்டில் இருந்தானா என்று. அவன் இருந்தால் வலி ஒன்று கூடுவதைக் கவனித்திருந்தேன். டிரைவர் வண்டியில் இருப்பது மாதிரி, அதைக் குறிக்காமல் விட முடியாது. பத்து நாள் ஆனதும் டாக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, எனக்கு ஒரு நம்பர் போதும். ஒண்ணே ஒண்ணு. கட்டுரை வேணாம்."

சரி, ஒரு எண் என்றால் அது நிகர எண்ணாகத்தான் இருக்க வேண்டும். லோடு எடையை வாங்கி வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? ஆனால் மனித உடம்பு, கணையத்துக் கல் இல்லாவிட்டாலும், சும்மா இருப்பதில்லை. முழங்கால் வலிக்கிறது, கழுத்து இழுக்கிறது, கடைவாய்ப் பல் இருக்கிறது, வெயில் இருக்கிறது. இவையெல்லாம் என் கணையத்தின் கணக்கில் ஏறினால் அது நியாயமா? காலி எடையைக் கழிக்க வேண்டும். காலி எடையை ஊகத்தில் எழுதக் கூடாது, எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதம் வயிறு சும்மா இருந்த இரண்டு காலைகளில், பத்து மணிக்கு, மச்சானை வெளியே அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னை நானே எடை போட்டேன். இரண்டு முறையும் மூன்று வந்தது. எண்கள் எல்லாவற்றிலும் மூன்றைக் கழித்து, சுத்தமான வேறொரு நோட்டில் ஒற்றைப் பத்தியாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஐந்து டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். நான் அவர்கள் எதிரில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அதிகாரிகள் முன்னால் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு மற்றவரிடம் கொடுத்தார். கடைசியில் என் டாக்டர் என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போய், நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"ரிப்போர்ட் எல்லாம் பொருந்துது ஐயா. ஆனா உங்க வலி சராசரியா நாலு, அஞ்சுலதான் நிக்குது. நாலு வலிக்காகத் தண்டுவடத்துல கை வைக்கிறது சரியில்லைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. மாத்திரையிலேயே பார்ப்போம்."

எனக்குத் தீர்ப்பு சரியாகவே பட்டது. நாலுக்கு முதுகைத் திறக்கக் கூடாதுதான். நானாக இருந்தாலும் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். நன்றி சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து, பெஞ்சில் உட்கார முடியாமல் தரையில் மண்டியிட்டு, நெற்றியைப் பெஞ்சில் வைத்துக்கொண்டேன். என் மனைவி என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பிரித்தாள். அவள் அதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள்.

"இன்னாங்க இது, செவ்வாக்கெயம காலைல எட்டு மணிக்கு அஞ்சுன்னு போட்டுக்கீது? அன்னிக்கு நீங்க பாத்ரூம் கதவைக் கட்சிக்கினு இருந்தீங்க. பல்லு பட்ட எடம் இன்னும் கதவுல கீது."

"எட்டுதான். எட்டுல மூணு போக அஞ்சு."

"இன்னா மூணு?"

"காலி எடை."

அவள் நோட்டை மூடினாள். கோபம் முற்றினால் அவள் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும்.

"நீ இன்னா லாரியா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். லோடு எடையை மட்டும் கொடுத்தால் அவர்கள் ஏமாந்து போவார்கள் என்றேன். அவள் நின்றபடியே என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். பத்தொன்பது கிலோ குறைந்தவனைத் தூக்குவது கஷ்டமில்லை.

"ஏழு வர்சமா நானு உன் மூஞ்சப் பாத்துக்கினு கீறேன். அதுல நீ மூணு கழிச்சி எழுதினு வந்துட்டு, டாக்டருக்கு வணக்கம் வேற சொல்றியா? வா உள்ள."

டாக்டரின் அறைக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, பழைய பதினான்கு பத்தி நோட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் போட்டாள். அதை அவள் எதற்கு எடுத்து வந்திருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மீனைச் சுற்றக் காகிதம் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்றுதான் எடுத்து வந்தேன் என்றாள் பிற்பாடு.

"சார், இந்த மனுசன் எடமேட ஆளு. எல்லாத்திலயும் மூணு கழிச்சிட்டுத்தான் உங்களாண்ட குட்த்துக்கீறாரு."

டாக்டருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவர் கோபப்படவில்லை. ஆர்வமாகிவிட்டார்.

"காலி எடை மூணுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

சொன்னேன். நாற்காலி, பத்து மணி, இரண்டு முறை, மச்சான் வெளியே.

அவர் பக்கத்தில் நின்ற இளம் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இப்ப எவ்வளவும்மா?"

அந்தப் பெண் நேற்றுக் காலையிலிருந்து டியூட்டியில் இருப்பவள். யோசித்துவிட்டு, "கால் வலியையும் சேர்த்தா நாலு சார்" என்றாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடித் தன்னைத் தானே பார்த்துக்கொண்டார். "எனக்கு மூணுதான்" என்றார். பிறகு பேனாவை எடுத்து என் நோட்டில் வரிசையாக மூன்றைக் கூட்டிக்கொண்டே போனார். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. பதினேழாம் நாள் மதியத்தில் நின்றார்.

"இங்க எட்டு போட்டிருக்கீங்க. மூணு சேர்த்தா பதினொண்ணு வருதே. பத்தோட முடியுதே இந்த அளவு?"

"அன்னிக்கு மேடையோட அளவைத் தாண்டிடுச்சு சார். முள்ளு நிக்காது. நான் ஒரு மதிப்பாத்தான் எழுதினேன்."

"பத்துன்னு எழுதியிருக்கலாமே?"

"பொய்யா எழுத முடியாதுங்களே சார்."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு மீண்டும் அந்த ஐந்து பேர் அறைக்குப் போனார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அடுத்த வாரத்துக்கு ஆப்பரேஷன் தேதி கொடுத்தார்கள்.

அந்த ஒரு வாரம் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, நேர்ச்சை. எங்கள் பக்கத்தில் உடம்புக்கு வந்தால், அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் செய்து கோயிலில் மாதா காலடியில் வைப்பது வழக்கம். ராயபுரத்தில் கோயிலை ஒட்டிய கடையில் கண், காது, கை, கால், இருதயம் எல்லாம் கம்பியில் கோத்துத் தொங்கும். நானும் மனைவியும் மச்சானும் போனோம். எந்த உறுப்பு வாங்குவது என்பதில் சிக்கல் வந்துவிட்டது. வலிப்பது வயிறு. வெட்டுவது முதுகு. பயம் காலுக்கு.

"வவுறு குடுங்க, ஒரு ஜோடி காலு குடுங்க, முதுகெலும்பு ஒண்ணு" என்றாள் மனைவி.

கடைக்காரர் கம்பியைத் துழாவினார். "முதுகெலும்பு அடிக்கிறதில்லம்மா. யாரும் கேக்கறதில்ல. பாம்பு கீது, தரவா?"

"பாம்பா?"

"பாம்புக்கடிக்கு வெக்கிறது. நேரா நிமித்தி வெச்சிட்டா முதுகெலும்பு மாதிரியேதான் இருக்கும். மாதாவுக்குப் புரியும்."

"பாம்பைப் பாத்து மாதா வேற யாரோ கடிபட்ட ஆளுன்னு நெனச்சி அவுனைக் காப்பாத்திட்டா?" என்றான் மச்சான். "அக்கா, இதெல்லாம் வாணாம். மாமாவுக்கு மூளை ஒண்ணு வாங்கு. அதான் மூணு கழிச்சிடுச்சி."

மூளையும் இல்லை என்றார் கடைக்காரர். கடைசியில் வயிறு, கால், பாம்பு மூன்றையும் வாங்கினோம். கோயிலில் என் மனைவி பாம்பைக் கையால் நீவி நீவி நேராக்கி, வயிற்றுக்கும் காலுக்கும் நடுவில் வைத்தாள். அவள் உதடு அசைந்தது. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மச்சானும் அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

இரண்டாவது, கால் பரீட்சை. ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும், நான் கண்ணை மூடிக்கொள்ள, டாக்டர் என் கால் கட்டைவிரலை மேலே கீழே அசைப்பார். எந்தப் பக்கம் அசைகிறது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் காலின் சேதி மூளைக்குப் போகவில்லை என்று அர்த்தம். பரீட்சை என்றால் தயாரிப்பு வேண்டாமா? மச்சான் தினமும் சாயங்காலம் என் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிரீஸ் படிந்த கையால் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வான்.

"மேலயா, கீழயா?"

"மேல."

"இப்போ?"

"கீழ."

"இப்போ?"

"நீ அசைக்கவே இல்ல."

"ஆங், உஷாராத்தான் கீற."

ஒரு வாரத்தில் இருநூறு கேள்விகள். ஒன்றுகூடத் தப்பவில்லை. படித்து வைத்துக்கொண்டால் ஆப்பரேஷனுக்குப் பிறகும் மறக்காது என்று நாங்கள் இரண்டு பேருமே நம்பினோம். இப்போது யோசித்தால் எங்களை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை.

ஆப்பரேஷன் அன்று என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் எழுதக்கூடியது எதுவும் இல்லை. என் நோட்டில் காலை 9.20 முதல் மதியம் 2.45 வரை வெற்றிடம். அந்த நோட்டிலேயே பதிவு இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

விழித்தபோது முதுகு எரிந்தது. தோல், எலும்பு, தையல். கையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் முகம் மேலே தெரிந்தது. கட்டிலின் காலடியில் என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, இப்ப வலி எவ்வளவு?"

"மொத்தமா, நிகரமா சார்?"

"கடவுளே" என்றாள் மனைவி.

"முதுகை விட்டுடுங்க. வயிறு. வயிறு மட்டும் சொல்லுங்க."

நான் வயிற்றில் தேடினேன். நான்காவது பொத்தானுக்குப் பின்னால் போனேன். பொத்தான் இல்லை, ஆஸ்பத்திரி அங்கி. இருந்தாலும் இடம் தெரியும். ஏழு வருடமாக அங்கே ஒருவன் குடியிருந்தான். கதவைத் தட்டினேன். யாரும் இல்லை. முதுகின் வலி வந்து ஏமாற்றுகிறதோ என்று இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். வீடு காலியாகத்தான் இருந்தது.

தப்பாகச் சொல்லிவிட்டால்?

"இரண்டாம் தடவை எடுத்துப் பார்த்துத்தான் சொல்லணும் சார்" என்றேன். அதைக் கேட்டதும் என் மனைவி அழ ஆரம்பித்தாள். எனக்கு வலி இருந்திருந்தால் நான் உடனே சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கால் பரீட்சை. வலது கட்டைவிரல், எல்லாம் சரி. இடது கட்டைவிரல். மேல் என்றேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கீழ் என்றேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சுவர் ஓரம் நின்ற மச்சான் தொண்டையைக் கனைத்தான், வகுப்பில் விடை சொல்லிக் கொடுக்கும் பையன் மாதிரி. கண்ணைத் திறந்து பார்த்தேன். டாக்டரின் கை என் விரலில் இல்லை. ஒரு நிமிடத்துக்கு முன்பே விட்டுவிட்டார்.

"கொஞ்சம் பட்டிருக்கு" என்றார். "நாளாக நாளாகத் தேறலாம். பார்த்துப் பார்த்து நடங்க."

இப்போதும் முழுவதும் தேறவில்லை. இடது காலைக் கண்ணால் பார்த்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும். கல்மண்டபம் மார்க்கெட்டில் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. நடந்துகொண்டே இருப்பேன். மீன் விற்கும் அம்மா ஒருத்தி தினமும் கூப்பிடுவாள்: "யோவ் நைனா, உன் செருப்பு இங்க என்னாண்ட நிக்குது, நீ மட்டும் எங்க போற?" அவள் இப்போது என் செருப்புக்கு ஒரு நைலான் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறாள், வலையில் எடுத்த கயிறு. அதைக் கணுக்காலில் முடிந்துகொண்டு நடக்கிறேன். எடைமேடைக்கு அப்படித்தான் போகிறேன். டிரைவர்கள் சிரிக்கிறார்கள்.

வலி திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் நோட்டை நிறுத்தவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரே எண், எதுவும் கழிக்காமல். முதல் இருபத்துமூன்று நாளும் வயிற்றுக்கு எதிரே பூஜ்யம். பக்கம் முழுக்கப் பூஜ்யமாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இயந்திரம் பழுதானாலும் மேடை இப்படித்தான் காட்டும்.

இருபத்துநான்காம் நாள், மாலை நான்கு பத்துக்கு அது வந்தது. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். மேல் வயிற்றில், அதே இடத்தில், உள்ளே ஏதோ பிடித்து இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது. என் கை நோட்டுக்குப் போகவில்லை. என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"வந்துட்ச்சா?"

"ம்."

"எவ்ளோ?"

"ரெண்டு."

"ஒண்ணும் கழிக்கலியே?"

"இல்ல."

அவள் வந்து என் வயிற்றில் கையை வைத்தாள். எங்கே, எப்படி என்று கேட்டாள். இழுக்கிற மாதிரி, கிள்ளுகிற மாதிரி, உள்ளே வெறுமையாக இருக்கிற மாதிரி என்றேன். அப்போது வயிறு அவள் கைக்கடியில் கடகடவென்று சத்தம் போட்டது. அவள் கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். மறுபடி சத்தம்.

"மத்தியானம் இன்னா துன்ன?"

"நாலு வாய்."

"அய்ய," என்றாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அது பசிய்யா. வெறும் பசி. மறந்தே போய்ட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன்.

மத்தியானத்துச் சோறும் நெத்திலிக் குழம்பும் இருந்தது. சூடு பண்ணிப் போட்டாள். நான்கு முப்பத்தைந்துக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். நான்காவது வாயில் பழக்கப்படி கை நின்றது. அவள் தட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள். தட்டு காலியாயிற்று. இன்னொரு கரண்டி கேட்டேன். பிறகு இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டோம். சாப்பிட்ட அரை மணியில்தான் அது வரும். நான்கு ஐம்பது. நான்கு ஐம்பத்தைந்து. அவள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. ஐந்து மணி. என் கை அவள் கையில் இருந்தது. ஐந்து நான்கு. ஐந்து ஐந்துக்குக் கதவு படாரென்று திறந்தது.

"இன்னா, ரெண்டு பேரும் கடியாரத்துக்குப் பூஜ பண்ணிக்கினு கீறீங்களா? எனக்குச் சோறு கீதா?"

நான் நோட்டை எடுத்து எழுதினேன்: மாலை 5.05. வயிறு, பூஜ்யம். மச்சான் வந்தான், ஒன்று.